ஏட்டில் ஏறுவது எது?

கலஹா, ஹேவாஹெட்டைத் தோட்டங்களிலிருந்து கண்டி நீதிமன்றத்துக்கு வரும் நம்மவர்களின் கண் நீதிபதி மேலேயே இருக்கும். அவருக்குக் கீழே அமர்ந்திருக்கும் பதிவாளரையும் முதலியாரையும் யாரும் கவனிப்பதில்லை.

வழக்கேடு பதிவாளரின் பொறுப்பில் உள்ளது. குடியியல் வழக்கில் நடப்பவை அனைத்தும் அதில் அவ்வப்போது குறிக்கப்பட்டு, நீதிபதி ஒப்பமிட வேண்டும் என்கிறது 1889ஆம் ஆண்டுச் சட்டக்கோவை. மேன்முறையீட்டில் நமக்காகப் பேசுவது அந்த ஏடுதான்.

இங்கிலாந்தில், சட்டம் படிக்காத நீதவான்களுக்குச் சட்டத்தை எடுத்துச் சொல்வதே நீதிமன்ற அலுவலரின் வேலை. இங்கே பதிவாளருக்கு அந்த வேலையில்லை. அவரிடம் ஆலோசனை கேட்டு நிற்பது வீண்.

கண்டியில் ஏடு சிங்களத்தில் எழுதப்படுகிறது. அது விளங்காதவருக்குத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்வது முதலியாரின் கடமை. அந்த ஏற்பாட்டை அரசே செய்ய வேண்டுமென்பது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. விளங்காமல் தலையாட்டினால் அதுவும் ‘ஆம்’ என்று ஏட்டில் ஏறிவிடும். “ஐயா, விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்” என்று அப்போதே கேளுங்கள்.