பூங்காவுக்கு முன்னால் வாய்க்கால்

அன்புள்ள கண்ணு,

ஜப்பானில் இருப்பதுபோல் மல்லசமுத்திரம் ஏரிக்கரையிலும் பூங்கா வேண்டும் என்று பேரூராட்சிக்கு மனு எழுதுகிறாய். நல்ல காரியம். ஆனால் மனுவின் முதல் வரியில் பூங்காவைக் கேட்காதே. வரத்து வாய்க்காலைக் கேள். ஜப்பானின் பிவா ஏரிப் படங்களில் கரையோரப் புல்வெளிதான் தெரியும், அதற்குப் பட்ட பாடு தெரியாது. 1977 மே மாதம் அந்த ஏரியில் நுண்பாசி பெருகி, தண்ணீர் செம்பழுப்பாகி நாறியது. சலவைத்தூளில் இருந்த பாஸ்பரஸும் ஒரு காரணம் என்று தெரிந்ததும், ஷிகா மாகாணத்துப் பெண்கள் அந்தத் தூளைக் கைவிடச் சொல்லி அக்கம்பக்கத்தைத் திரட்டினார்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சேகரித்துச் சோப்பாக்க வழி செய்தார்கள். 1979-இல் மாகாணமே பாஸ்பரஸ் கலந்த சலவைத்தூளுக்குத் தடை கொண்டுவந்தது. 1980 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஏரியைக் காக்கும் வேலை துணி துவைக்கிற இடத்தில் தொடங்கியது, கண்ணு.

ஊட்டியைப் பார். 1824-இல் ஆங்கிலேய கலெக்டர் சல்லிவன் அமைத்த ஏரி அது. படகுத்துறை, பூங்கா, கூட்டம் எதற்கும் குறைவில்லை. ஊர்ச் சாக்கடை மட்டும் பல காலம் அதற்குள்ளேயே வந்து விழுந்தது. மாறாக, சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010-இல் சேலம் மக்கள் குழுவினர் வண்டல் மண்ணை அள்ளி ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். ஏரியின் கொள்ளளவு கூடியது, திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. பார்க்க வருகிறவர்களை அந்தப் பறவைகளே அழைத்துக்கொள்கின்றன.

"ஜனங்கள் வந்து போனால்தானே ஏரிமேல் அக்கறை வரும்" என்பாய். உண்மைதான். அதனால் கரைமேல் மண்பாதை போடட்டும், புங்கனும் வேம்பும் வைக்கட்டும்; நீர்ப்பிடிப்புக்குள் ஒரு கல்கூட கட்டக் கூடாது. கலங்கலை மறித்துப் பூங்கா வாசல் வைத்தால் ஒரு பெருமழையில் கரையே போய்விடும். "ஜப்பானிடம் பணம் இருக்கிறது" என்பார்கள். அந்தப் பெண்கள் கையில் எடுத்தது பழைய எண்ணெயைத்தான். இன்னொரு பேச்சுதான் கனமானது: சாயப்பட்டறையும் சேகோ பேக்டரியும் நம் பக்கத்துச் சோறு, அதில் கை வைக்கலாமா? வைக்க வேண்டியது தொழிலில் அல்ல, அதன் கழிவில். திருமணிமுத்தாற்றில் மழைக்காலத்தில் பனிக்கட்டிபோல் மிதந்து வரும் வெள்ளை நுரையை யார் விரும்புவார்? சேகோவுக்குக் குச்சிக்கிழங்கு அரைத்த கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து அதிலேயே ஆலை ஓட்டுகிறவர்கள் சேலம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். செலவு உண்டு; எரிபொருளில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். சின்ன பட்டறைக்காரர் தனியாகத் தாங்க மாட்டார் என்பதும் நியாயம்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தையும் மனுவிலேயே சேர்த்துக் கேள்.

அதற்கு முன், கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபடம் வாங்கிக்கொண்டு வாய்க்காலின் தலைப்பிலிருந்து ஏரி வரை நட. எந்த இடத்தில் எந்தக் குழாய் வாய் திறக்கிறது என்று குறித்து, படத்தோடு மனுவில் இணை. ஐப்பசிக்குள் போய்விடு, வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டால் குழாய்கள் கண்ணில் படாது.

அன்புடன்,
மாமா