கடல் கடக்கும் விமானமும் காலக் கணக்கும்

நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று கேட்டால், போய் வந்தவர் ஏழு என்பார். அங்கிருந்து திரும்ப எட்டு ஆயிற்று என்பார். பயணச்சீட்டை மட்டும் பார்த்தவரோ பன்னிரண்டு என்பார். மூன்றுக்கும் காரணம் உண்டு.

முதலில் தூரத்தைக் கவனிப்போம். உலகப் படத்தில் அளவுகோலை வைத்து இழுக்கும் கோடு குறுக்குவழி அன்று. உலக உருண்டையின்மீது இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது நியூபவுண்ட்லாந்து, அயர்லாந்து வழியாக வடக்கே ஏறிச் செல்வதைக் காண்பீர்கள். இதுவே பெருவட்டப் பாதை. கென்னடி, ஹீத்ரோ ஆகிய விமான நிலையங்கள் பூமியின் மையத்தில் தாங்கும் கோணம் ஏறக்குறைய 49.8 பாகை. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். போனாலும் வந்தாலும் இது மாறாது.

மாறுவது காலம். சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்றோட்டம் ஒன்று வீசுகிறது. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், காற்றின் வேகம் 100 எனக் கொள்வோம். காற்றில்லாவிடில் ஒரு வழிக்கு 6 மணி 9 நிமிடம் ஆகும். காற்றோடு சென்றால் 5 மணி 32 நிமிடம்; எதிர்த்து வந்தால் 6 மணி 55 நிமிடம். ஓடுபாதையில் ஊர்தல், ஏறுதல், இறங்குதல் ஆகியவற்றுக்கான நேரமும் சேரவே ஏழும் எட்டும் ஆகின்றன. 2020 பிப்ரவரியில், புயற்காற்றின் துணையால், ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது.

போகும்போது கிடைத்த லாபம் வரும்போது ஏற்படும் நட்டத்துக்குச் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. லாபம் 37 நிமிடம். நட்டமோ 46 நிமிடம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருப்பதால் அதன் தீங்கையும் அதிக நேரம் அனுபவிக்கிறது.

இனிப் பன்னிரண்டு மணிக் கணக்கு. மாலை 7 மணிக்குப் புறப்பட்டவர் மறுநாள் காலை 7 மணிக்கு இறங்குகிறார். ஆனால் லண்டன் கடிகாரம் ஆண்டின் பெரும்பகுதியும் நியூயார்க்கைவிட 5 மணி முந்தியது. அதைக் கழித்தால் மிஞ்சுவது ஏழே.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. நடுக்கடலில் இறங்க இடமில்லை. விமானம் எரிபொருளைச் செலவிடுவது வானில் பறக்கும் நேரத்துக்கேற்பவே. தூரத்தை மட்டும் நம்பி எரிபொருள் நிரப்பினால், எதிர்காற்று வலுக்கும் நாளில் அது ஆபத்தாக முடியும். ஆகவே அன்றைய காற்றைக் கணக்கிட்டு, அதற்குமேல் சேமிப்பும் வைத்தே புறப்படுகிறார்கள்.

நண்பர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு: காற்றின் வேகம் 200 ஆனால், போக வர ஏற்படும் மொத்த இழப்பு 9 நிமிடத்தைப்போல் இரு மடங்காகுமா, ஏறத்தாழ நான்கு மடங்காகுமா? தாளில் போட்டுப் பாருங்கள்.