மீனுக்கு முதலில் ஐஸ், பிறகுதான் சட்டி

யாழ்ப்பாணத்தில் குருநகரிலோ பாசையூரிலோ காலையில் வாங்கும் மீன், மத்தியானம் சட்டிக்குப் போகும்வரை எவ்வளவு நேரம் சூட்டில் கிடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சூரை, அறக்குளா, சாளை போன்றவற்றின் சதை சூடேறினால் பாக்டீரியாக்கள் அதில் ஹிஸ்டமினை உண்டாக்கும். மணத்தில் பிடிபடாமலும் போகலாம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். ‘நல்லாக் கொதிக்க வைச்சால் சரி’ என்பார்கள். சரிவராது. ஹிஸ்டமின் கொதியிலும் அழியாது, உறைந்தாலும் அழியாது. தெளிந்த கண், சிவந்த செவுள், அமத்தினால் நிமிரும் சதை எல்லாம் பார்க்க வேண்டியவைதான்; அதைவிட முக்கியம், மீன் ஐஸில் கிடக்கிறதா என்பது. சந்தைக்குப் போகும்போது ஒரு ஐஸ் பெட்டியையும் கொண்டு போங்கள். நம் வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம்.

‘ஐஸ் மீனில் ருசியில்லை’ என்பது பாதி உண்மை. பெரிய மீனை உறைபெட்டியில் முழுதாகத் திணித்தால் மெதுவாக உறையும். பெரிய பனிப்படிகங்கள் சதையைக் கிழிக்க, கரையும்போது சாறு ஓடிவிடும். குற்றம் ஐஸில் இல்லை, நம் அவசரத்தில். துப்புரவாக்கி, ஒரு வேளைக்கானதைத் தட்டையாகப் பையிலிட்டு, காற்றை வெளியேற்றி, திகதி எழுதி, −18 பாகை செல்சியஸில் வையுங்கள். கொழுப்பு மீன் இரண்டு மூன்று மாதம் தாங்கும். 2022இல் இலங்கையில் நேர்ந்ததுபோல மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் கதவைத் திறவாதீர்கள்: நிரம்பிய உறைபெட்டி சுமார் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம் குளிரைக் காக்கும்.