கடைசிச் செலவு

கேள்வி: அப்பாவுக்கு 82 வயது. அவருடைய இறுதிச் சடங்குக்கென்று இப்போதே பணம் எடுத்து வைக்கலாமா? நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. (வாசகி, சென்னை)

பதில்: தாராளமாக வையுங்கள். மாநகராட்சி மயானத்தில் தகனத்துக்குக் கட்டணமில்லை. கையைக் கடிப்பவை ஐஸ் பெட்டி வாடகை, பந்தல், பூ, மேளம், வெடி. எல்லாவற்றையும்விட பதினாறாம் நாள் சாப்பாடு. துக்க வீட்டில் யாரும் பேரம் பேச மாட்டார்கள் என்பது வாடகைக்கு விடுபவர்களுக்குத் தெரியும். விலை கேட்கும் வேலையை நிதானமான பங்காளி ஒருவரிடம் விடுங்கள்.

பணம் அப்பாவின் தனிக் கணக்கில் இருந்தால் அன்றைக்கு உதவாது. நாமினியிடமும் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். உங்கள் பெயரையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக்கிவிடுங்கள். சான்றிதழ் பெற இறப்பைப் பதிய வேண்டும்; 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை.

மேளமும் வெடியும் வேண்டுமா என்று அப்பாவையே கேட்டுவிடுங்களேன். வேண்டாம் என்றால் அந்தச் செலவு அங்கேயே குறையும்!