பகுதி திரியும் ஸ்பானிய வினைகள்

ஸ்பானிய மொழி பயிலத் தொடங்கிய நான் முதல் தேர்வில் பெற்றவை பத்துக்கு மூன்று மதிப்பெண்களே! படிப்பையே விட்டுவிடலாமா என்றும் எண்ணினேன். விடைத்தாளைப் புரட்டியபோதுதான் எல்லாம் ஒரே பிழை எனத் தெரிந்தது.

நம் 'படுத்துக்கொண்டேன்' என்பதில் 'கொள்' வினைக்குப் பின் வருகிறது. அங்கு அவ்வேலையை 'மே', 'தே', 'சே' முதலியவை வினைக்கு முன் நின்று செய்கின்றன. அது எளிது. பகுதிதான் என்னை ஏமாற்றியது.

'அகோஸ்தார்சே' என்றால் படுத்துக்கொள்ளுதல். நிகழ்காலத்தில் 'மே அகுவேஸ்தோ' எனத் திரியும் பகுதி, இறந்தகாலத்தில் 'மே அகோஸ்தே' எனத் திரியாமல் நிற்கும். இத்தகைய 'ஆர்' ஈற்று வினைகள் யாவும் அப்படியே.

'தோர்மிர்சே' (உறங்கிப்போதல்) போன்ற 'இர்' ஈற்று வினைகளோ பொதுவாகப் படர்க்கையில் மட்டும் திரியும்: நான் 'மே தோர்மீ', நீ 'தே தோர்மிஸ்தே', அவன் 'சே துர்மியோ', அவர்கள் 'சே துர்மியெரோன்'.

தமிழில் 'வா' என்பது வந்தேன், வந்தாய், வந்தான் என மூவிடத்தும் ஒன்றுபோல் குறுகுமல்லவா? அப்பழக்கத்தில் 'மே துர்மீ' என்று எழுதிவிட்டேன்!

இன்னொன்று: 'தாங்கள்' என மதித்து அழைக்கும் 'உஸ்தேத்' முன்னிலைப் பொருளுடையதாயினும் படர்க்கை வினையையே ஏற்கும். எனவே பெரியவர்களிடமும் 'சே துர்மியோ' என்றே கூறவேண்டும்.

நானும் நீயும் மாறோம். அவனும் அவர்களும் தாங்களும் மாறுவர். இதை மனத்தில் இருத்தினேன், படிப்பை விடவில்லை.