பழகிய மூக்குக்குத் தெரியாத ஆபத்து

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் வேதியியல்)

முதலாம் ஆண்டில் உப்புப் பகுப்பாய்வு வகுப்புக்காக வேதியியல் ஆய்வகத்தினுள் கால் வைத்த நாளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். வாசலிலேயே அழுகிய முட்டையின் நாற்றம் வரவேற்கும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்போம். கால் மணி நேரம் சென்றால் கைக்குட்டை பைக்குள் போய்விடும். "நாற்றம் போய்விட்டது" என்று மகிழ்வோம். போனது நாற்றமன்று, அதை அறியும் நம் உணர்வுதான்.

அந்த நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு வாயு, காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆனால் அது ஏறத்தாழ 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மோப்ப உணர்வு மழுங்கிவிடும். அதாவது, ஆபத்து சிறிதாக இருக்கும்போது நம்மை எச்சரிக்கும் மூக்கு, ஆபத்து பெரிதாகும்போது வாய்மூடிவிடுகிறது. மூக்குக்கு நேர்வது கண்ணுக்கும் நேர்கிறது. தினமும் பார்க்கும் உடைந்த சுவிட்சும், சீட்டு உரிந்த புட்டியும் நாளடைவில் நம் கண்ணில் படுவதே இல்லை. ஆகவேதான் வேலை செய்யும் இடத்தை அவ்வப்போது நின்று, நடந்து, கேள்வி கேட்டுப் பார்வையிட வேண்டும் என்கிறார்கள். அது எவ்வாறு என்பதை இனிக் காண்போம்.

ஐந்து கேள்விகள்

பாதுகாப்புக்காக ஓர் இடத்தைப் பார்வையிடப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஐந்து கேள்விகள் போதும்.

1. இங்கே என்னென்ன பொருள்கள் இருக்கின்றன? ஒவ்வொன்றின் மேலும் பெயர் இருக்கிறதா?
2. அவை எவ்வழியாக உடலைச் சேரும்? மூக்கா, வாயா, தோலா, கண்ணா?
3. தவறு நேர்ந்தால் வெளியேறும் வழி எது?
4. தவறு நேர்ந்த முதல் நிமிடத்தில் கைக்கு எட்டுவது எது?
5. இது ஏன் இப்படி வைக்கப்பட்டிருக்கிறது?

இரண்டாம் கேள்விக்கு நம் ஆய்வகத்திலிருந்தே உதாரணம் சொல்லலாம். பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவது வேகமான வழிதான். ஆனால் குடுவையில் திரவ மட்டம் சற்றுத் தாழ்ந்தால் காற்றோடு சேர்ந்து அமிலமும் வாய்க்குள் பாயும். இரப்பர் குமிழ் ஒன்று இருந்தால் அந்த வழியே அடைபட்டுவிடும். நான்காம் கேள்விக்கு விடை தண்ணீர்க் குழாய். கண்ணில் அமிலம் தெறித்தால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குழாயின் அடியில் குப்பைக் கூடையும் பழைய நாற்காலியும் நின்றால், குழாய் இருந்தும் இல்லாததற்குச் சமம். மற்ற மூன்று கேள்விகளையும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பெயரில்லாப் பொருள் செய்த கேடு

முதல் கேள்வியை யாரும் கேட்காததால் என்ன நேரும் என்பதற்கு டெல்லியில் 2010-ஆம் ஆண்டு நடந்த நிகழ்ச்சி சான்று. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஆராய்ச்சிக்காக வாங்கப்பட்ட காமாக் கதிர்க் கருவி ஒன்று ஏறத்தாழ 25 ஆண்டுகள் பயன்படாமல் கிடந்தது. அதனுள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கத் தனிமம் இருந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் மற்றப் பழைய சாமான்களோடு அதுவும் ஏலம் போயிற்று. மாயாபுரி என்ற பழைய இரும்புச் சந்தையில் கூலித் தொழிலாளர்கள் அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது இன்னதென்று அவர்களுக்குச் சொல்ல யாருமில்லை. ஏப்ரலில் பலர் கதிர்வீச்சு நோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார்.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. தவறு நடந்த இடம் படித்தவர்களின் ஆய்வகம். அதற்கு விலை கொடுத்தவர் படிக்க வாய்ப்பில்லாத ஒரு தொழிலாளி. புட்டியின் மேல் ஒட்டும் சிறு சீட்டு நமக்காக மட்டும் அன்று, நமக்குப் பின்னால் அதைத் தொடப்போகும் கைகளுக்காகவும்தான்.

வெளியேறும் வழி

மூன்றாம் கேள்விக்கு நாம் டெல்லி வரை போக வேண்டியதில்லை. தியாகராய நகர் உஸ்மான் சாலையில் 2017 மே 31 அதிகாலையில் சென்னை சில்க்ஸ் துணிக்கடையின் ஏழு மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்ததை நாம் சிறுவர்களாக இருந்தபோது தொலைக்காட்சியில் பார்த்தோம். இரவில் உள்ளே தங்கியிருந்த ஊழியர்களைத் தீயணைப்புப் படையினர் மீட்டார்கள். துணி, புகை, வெப்பம் மூன்றும் சேர்ந்ததால் ஒரு நாள் கடந்தும் தீ அடங்கவில்லை. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. எஞ்சியதைப் பின்னர் இடித்தே அகற்றினார்கள்.

தீயில் சிக்குவோரைப் பெரும்பாலும் முதலில் வீழ்த்துவது நெருப்பன்று, புகைதான். புகை மேலே ஏறும். மாடிப்படிதான் அதற்குப் புகைபோக்கி. ஆகவே ஒரு கட்டடத்தைப் பார்வையிடும்போது படிக்கட்டில் அட்டைப் பெட்டி அடுக்கப்பட்டுள்ளதா, இரண்டாவது கதவு பூட்டிக் கிடக்கிறதா, சாவி யாரிடம் என்பவற்றையே முதலில் கேட்க வேண்டும். பொருள்களை அடுக்க இடமில்லாத ஊரில் படிக்கட்டு கிடங்காகிவிடுகிறது. அதுவும் பழகிப்போன காட்சிதான்.

அப்பாவின் பட்டறை

ஐந்தாம் கேள்வியை எனக்குக் கற்பித்தது பாடப்புத்தகமன்று. என் தந்தை தியாகராய நகரில் ஒரு சந்தில் மாடி அறையில் நடக்கும் நகைப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறார். மொத்தம் நான்கு பேர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. பள்ளி நாள்களில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பட்டறையில் எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரிந்ததில்லை. கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டுப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலிலேயே கண் எரிந்தது. மூலையில் வெடியுப்புத் திராவகத்தில், அதாவது நைட்ரிக் அமிலத்தில், பழைய நகைத்துண்டுகள் வெந்துகொண்டிருந்தன. பழுப்பு நிறப் புகை தரையோடு பரவியது.

"என்னப்பா, நெடி இப்படி அடிக்குதே?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே தம்பி" என்றார் அப்பா. சொல்லிவிட்டு இருமினார்.

அந்தப் பழுப்புப் புகை நைட்ரஜன் டைஆக்சைடு. காற்றை விடக் கனமானது. ஆகவே தரையில் அமர்ந்து வேலை செய்பவரின் முகத்தருகே தங்கும். அதிகம் சுவாசித்தால் அப்போது ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். அடுத்தது, பொடி வைத்து ஊதும் இடம். பல பட்டறைகளில் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். 'கேடிஎம் நகை' என்ற பெயரே அதனால் வந்ததுதான். தங்கம் உருகுவது 1064 பாகை செல்சியசில். காட்மியமோ 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஊதுபவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அது தாக்கும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதும் நிறுவப்பட்டதே. ஹால்மார்க் நகைகளில் காட்மியம் கலந்த பற்றுக்கு இடமில்லை என்று விதி வந்திருப்பினும், சிறு பட்டறைகளிலிருந்து அது முற்றிலும் போய்விடவில்லை.

நான் உடனே குறிப்பேட்டை எடுத்துக் குறைகளை வரிசையாக எழுதத் தொடங்கினேன். முதலாளியின் முகம் மாறிற்று. "நோட்டை உள்ளே வை தம்பி" என்று அப்பா மெல்லச் சொன்னார். அவர் குரலில் இருந்த பயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் குறிப்பேடு யாரையும் காப்பாற்றவில்லை. அப்பாவின் வேலையைத்தான் ஆபத்துக்குள்ளாக்கியது.

அடுத்த வாரம் குறிப்பேடு இல்லாமல் போனேன். "ஜன்னலை ஏன் சாத்தியே வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் முதலாளியிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். காற்று அடித்தால் அராவும்போது விழும் தங்கத் தூள் பறந்துவிடும். ஊதுகுழலின் சுடர் அலையும். தெருவில் போகிறவர் கண்ணும் உள்ளே படும். மூன்றும் நியாயமான காரணங்கள். ஜன்னலைத் திற என்று சொல்லுவது அவருக்கு நட்டத்தைச் சொல்லுவதாகும். ஆனால் திராவக வேலைக்கும் அராவும் வேலைக்கும் ஒரே அறை எதற்கு? இந்தக் கேள்வியை அவரே தமக்குள் கேட்டுக்கொண்டார். இன்று திராவகச் சட்டி மொட்டை மாடிக்குப் போய்விட்டது. எரிவாயு உருளை படிக்கட்டின் வழியை விட்டு நகர்ந்திருக்கிறது. காட்மியப் பொடியை மட்டும் இன்னும் மாற்ற முடியவில்லை. துத்தநாகம் கலந்த பொடி இருக்கிறது. அதை இவர்கள் கைக்குப் பழக்க வேண்டும். அப்பாவின் இருமலும் இன்னும் நிற்கவில்லை. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, என்ன வேலை செய்கிறார் என்பதை நானே முதலில் சொன்னேன். நோயாளியிடம் தொழிலைக் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் இராமசினி 1700-ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எழுதினார்.

ஆய்வாளர் வராத இடங்கள்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை பயன்படுத்தினால் 10 பேர், இல்லையெனில் 20 பேர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்றது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தொகுப்பு அந்த எண்களை 20, 40 என உயர்த்தியது. நான்கு பேர் பட்டறை எந்தக் கணக்கிலும் தொழிற்சாலை ஆகாது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மாடிதோறும் இருக்கும் இத்தகைய அறைகளைத் தொழிற்சாலை ஆய்வாளர் தேடி வரப்போவதில்லை.

அப்படியானால் யார் பார்ப்பது? நம் கல்லூரியில் படிப்போரில் பலர் இத்தகைய வீடுகளிலிருந்து வருபவர்களே. ஒருவர் தந்தை அச்சகத்தில், ஒருவர் தாய் சலவைக் கடையில், மற்றொருவர் அண்ணன் வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் இடத்தில் இருப்பார். அங்கே உள்ள பொருள்களின் பெயரும் குணமும் நம் பாடத்தில் இருக்கின்றன. அங்கே வேலை செய்பவருக்கோ வேலையின் நுணுக்கம் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் பார்வையிடல் முழுமை பெறும்.

ஆபத்தைக் கண்டால் அதை நீக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். இயலாவிடில் வேறு பொருளை மாற்றலாமா, பிறகு தடுப்போ காற்றுப்போக்கியோ அமைக்கலாமா, பிறகு வேலை முறையைத் திருத்தலாமா என்று வரிசையாகச் செல்ல வேண்டும். முகமூடியும் கையுறையும் கடைசி. முகமூடி கொடுத்துவிட்டுப் புகையை அப்படியே விட்டுவைப்பது பாதுகாப்பாகாது.

நண்பர்களே, அடுத்த முறை ஆய்வகத்துக்குள் நுழையும்போது வாசலில் ஒரு கணம் நில்லுங்கள். மூக்கு பழகுவதற்கு முன் அது சொல்வதைக் கேளுங்கள். அதே போல உங்கள் வீட்டார் உழைக்கும் இடத்துக்கும் ஒரு முறை சென்று வாருங்கள். குறை எழுதப் போகாமல், ஏன் என்று கேட்கப் போவோம். நம்மைப் படிக்க வைத்தவர்களின் மூச்சைக் காப்பதற்கும் நம் படிப்பு உதவட்டும்.