நுரை ததும்பும் மசாலா டீ, சர்க்கரை குறைவாக

இன்ஸ்டன்ட் மசாலா டீ பாக்கெட்டுகள் பலவற்றில் சர்க்கரைதான் அதிகம். வீட்டில் போடுவதே நல்லது. இருவருக்கு ஒன்றேகால் டம்ளர் தண்ணீரில் தட்டிய இஞ்சி, ஏலக்காய் 2, கிராம்பு 1, மிளகு 3, சிறு துண்டு பட்டை போட்டு 5 நிமிடம் கொதிக்கட்டும். பச்சை இஞ்சியை நேரே பாலில் போட்டால் திரிந்துவிடலாம்; அதிலுள்ள நொதி பாலின் புரதத்தை உடைக்கும். பிறகு 2 டீஸ்பூன் டீத்தூள், ஒரு டம்ளர் பால். வடிகட்டி, உயரத் தூக்கி நாலு ஆற்று ஆற்றினால் லாட்டே போல நுரை நிற்கும், க்ரீமே வேண்டாம். ஏலமும் பட்டையும் நன்றாக இறங்கியிருந்தால் ஆளுக்கு அரை டீஸ்பூன் சர்க்கரையே போதும். வெல்லமும் சர்க்கரைதான், நீரிழிவு உள்ளவர்கள் ஏமாற வேண்டாம். சாப்பிட்ட கையோடு குடிக்காதீர்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை டீ குறைக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.